ஒத்தை டீச்சர்

அந்தத் தையல்கடையில் யாருடைய பேரும் யாருக்கும் தெரியாது. இடுப்பு தெரியும், தோள் தெரியும், எந்தக் கை அரை அங்குலம் நீளம் என்று தெரியும். மூன்றாவது மாடி பாங்கு அதிகாரி வீட்டு வாசலில் பேருக்குப் பின்னால் நாலு பட்டம் போட்டுப் பலகை மாட்டியிருந்தார். கீழே கடையில் அவர் 'ஒட்டகம்'. கழுத்துக்குக் கீழே முதுகு கொஞ்சம் தூக்கல். பின்பக்கம் முக்கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டாவிட்டால் சட்டை மேலே ஏறிக்கொள்ளும். லிஃப்ட் பழுது பார்ப்பவர் 'பானை'. இரண்டாவது மாடி அண்ணன் தம்பி இருவரும் 'கொக்கு', 'குட்டைக் கொக்கு'. இதில் வஞ்சகம் ஒன்றும் கிடையாது. ஒரே பேரில் நாலு பேர் துணி கொடுத்தால் எது யாருடையது என்று எப்படி அடையாளம் வைப்பது? பேரை நம்ப முடியாது, உடம்பை நம்பலாம்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. ஆறு மாடிக் கட்டடத்தின் அடியில், மாடிப்படி திரும்புகிற இடத்துக்குக் கீழே ஒரு அறை. படி சரிகிற வாக்கில் கூரையும் சரிந்து வரும். உயரமானவர்கள் ஒருமுறையாவது தலையில் இடித்துக்கொள்ளாமல் வெளியே போனதில்லை. இரண்டு மிஷின், வெட்டுகிற மேஜை ஒன்று, அளவெடுக்க மூலையில் ஒரு திரை. கதவுக்குப் பின்னால் இன்னொரு அறை, அதுதான் வீடு. மாஸ்டர், அவர் மனைவி, ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள். தைத்து முடித்த துணியெல்லாம் அந்த உள்ளறையில் ஒரு கம்பியில் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கும். ஒவ்வொன்றின் கழுத்துப்பட்டையிலும் பின்பக்கமாகக் குண்டூசி குத்தி ஒரு சீட்டு. வெள்ளைத் துணித்துண்டு, முன்பக்கம் ஆள் அடையாளம், பின்பக்கம் அளவு. மாஸ்டருக்குக் கண் மங்கி வந்தது. மிஷினில் உட்கார்ந்தபடியே கதவு வழியாகப் படிக்க வேண்டும் என்பதால் அடையாளத்தை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதி வைப்பது வழக்கம்.

மாஸ்டரின் மனைவியைக் கட்டடமே காஜாக்கா என்று கூப்பிடும். பொத்தான் துளைக்குத் தையல்காரர்கள் வைத்த பேர் காஜா. மிஷினில் காஜா போடுகிற காலத்திலும் அவள் கையால்தான் எடுப்பாள்; சட்டை கிழிந்தாலும் காஜா கிழியாது. காஜா, பட்டன், விளிம்பு, இஸ்திரி, பெண்களுக்கு அளவெடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. கடைசியில் துணியை மடிப்பதற்கு முன் சீட்டைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் போடுவதும் அவள்தான். பதினாறு வருஷத்தில் ஒரு சீட்டுகூட வாசலைத் தாண்டியதில்லை. "நம்ம சீட்டு வெளிய போச்சுன்னா அன்னிக்கே கடையைக் காலி பண்ணிட்டு ஓட வேண்டியதுதான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

டீச்சர் கடைக்கு முதன்முதல் வந்தது நாலு மாசத்துக்கு முன்னால். ஐந்தாவது மாடியில் தனியாக இருப்பவர். மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் வேலை. ஆனால் ஒன்றரை வருஷமாக லீவு. வயிற்றில் ஏதோ ஆபரேஷன் என்று கட்டடத்தில் பேச்சு. கொளுத்துகிற வெயிலிலும் தோளைச் சுற்றி ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் படி இறங்குவார். லிஃப்டில் யாராவது, "இந்த வெக்கையில எதுக்கு டீச்சர் இது?" என்று கேட்டால், "பழகிடுச்சு" என்பார்.

அன்றைக்கு மாஸ்டர் நூல் வாங்க வெளியே போயிருந்தார். திரைக்குப் பின்னால் போனதும் டீச்சர் சால்வையை எடுத்து ஆணியில் மாட்டினார். பொத்தான்களைக் கழற்றினார். காஜாக்கா அளவு நாடாவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். இடது பக்கம் மார் இல்லை. அக்குளிலிருந்து நடு நெஞ்சு வரைக்கும் ஒரு தழும்பு மட்டும் சாய்வாக ஓடியது.

"புத்துநோய்க்கா" என்றார் டீச்சர். பாடம் சொல்கிற குரல், நடுக்கமே இல்லை. "வயிறுன்னு சொல்லி வச்சிருக்கேன். இந்தக் கட்டடத்துல உங்களுக்கு மட்டுந்தான் தெரியும்."

"நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் டீச்சர்."

"சால்வை இல்லாம போட்டுக்கற மாதிரி ஒரு டாப்ஸ் வேணும். லீவு முடிஞ்சு ஸ்கூலுக்குப் போற அன்னிக்கு அதைப் போட்டுட்டுத்தான் போகணும். பிள்ளைங்க என்னைப் பாக்கணும்க்கா. சால்வையையே பாத்துட்டு உக்காந்திருக்கக் கூடாது."

காஜாக்கா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். மனசோடுதான் பிடித்தாள், அதில் பொய் இல்லை.

அந்த டாப்ஸுக்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வெறும் பஞ்சை வைத்தால் கையைத் தூக்கும்போது மேலே ஏறிக்கொள்கிறது. வலது பக்கம் கனம், இடது பக்கம் காற்று. தோள் தையல் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகிறது. பஞ்சுக்கு நடுவில் ஒரு பிடி பாசிமணியைப் பொட்டலமாக்கித் தைத்தாள். கனம் சரியாக வந்தது, ஆனால் டீச்சர் நடந்தால் கிலுகிலுவென்று சத்தம். மணிகளுக்கு இடையில் நூல் கழிவை அடைத்து அந்தச் சத்தத்தை அடக்கினாள். உள்பக்கம் லைனிங்கில் ஒரு பை தைத்து, அதற்குள் அதை உட்கார வைத்தாள். ஏழு தடவை டீச்சர் இறங்கி வந்து போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழற்றிக் கொடுத்து, அவர் போனதும் மறுபடி குத்தி மாட்டினாள் காஜாக்கா. எட்டாவது தடவை டீச்சர் கண்ணாடி முன் நின்று கையைத் தூக்கினார், குனிந்தார், பக்கவாட்டில் திரும்பினார்.

"எந்தப் பக்கம்னு எனக்கே மறந்துரும் போல இருக்குக்கா" என்றார்.

வெட்டுகிறவருக்குச் சொல்லாமல் எப்படி வெட்டுவது? முதல் நாளே மாஸ்டரிடம் சொல்லியாகிவிட்டது. அதைத் தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பு அதற்கப்புறம் நடந்தது. கட்டடத்தில் இரண்டு டீச்சர்கள். நாலாவது மாடியில் இருப்பவர் 'கொண்டை டீச்சர்'. ஒரு நாள் மாஸ்டர் துணியைத் தூக்கிக் காட்டி, "இது எந்த டீச்சரோடது?" என்று கேட்டார். காஜாக்கா வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டிருந்தாள், நீட்டி முழக்க முடியாது. "அதாங்க, ஒத்தை" என்றாள். மாஸ்டருக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் களுக்கென்று சிரித்துவிட்டார். அவர் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள். வாயிலிருந்து ஒரு ஊசி கீழே விழுந்தது.

"சேச்சே, பாவம். அப்படிச் சொல்லாதே" என்று அவரே சொன்னார்.

"நமக்குள்ளதானே" என்றாள். சீட்டிலும் அப்படியே எழுதினாள்: ஒத்தை டீச்சர். போனில் டீச்சரின் நம்பரைப் பதிந்ததும் அந்தப் பேரில்தான்.

மகளுக்கு அந்தக் கம்பியில் தொங்குகிற சீட்டுகளை வாசிப்பது ஒரு பொழுதுபோக்கு. "அம்மா, எங்க டீச்சரை ஏன் ஒத்தைன்னு எழுதியிருக்கே?" என்று கேட்டாள். காஜாக்கா இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வீட்டுல தனியா இருக்காங்கல்ல, ஒத்தை ஆளா. அதான்." மகள் தலையாட்டிவிட்டுப் போனாள். பிள்ளை அத்தனை சுலபமாக நம்பியது அன்றைக்கே கொஞ்சம் உறுத்தியது.

லீவு முடிகிற நாள் வந்தது. காலை ஏழே முக்காலுக்கே வெயில் வாசல்படியில் ஏறிவிட்டது. மகள் பள்ளி வேனில் போய் கால் மணி நேரம் ஆகியிருந்தது. காஜாக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது டீச்சர் படியில் வேகமாக இறங்கி வந்தார். தோளில் சால்வை இல்லை, கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மருந்தில் கொட்டிப்போன முடி கிராப்புத் தலை மாதிரி காதோரம் வரைக்கும்தான் வளர்ந்திருந்தது.

"இங்கயே போட்டுட்டுக் கிளம்பிடறேன்க்கா. சால்வையை மேலயே வச்சுப் பூட்டிட்டேன். இருந்தா எடுத்துப் போத்திக்குவேன்."

காஜாக்கா டாப்ஸைக் கம்பியிலிருந்து எடுத்தாள். அடிவிளிம்பில் ஓட்டுத்தையல் நூல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, திரைக்கு மேலாக நீட்டினாள். டீச்சர் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். இளநீல டாப்ஸ், கழுத்தைச் சுற்றிச் சின்னப் பட்டை, இரண்டு தோளும் தராசு பிடித்தது போல. மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"டீச்சர், இப்பத்தான் டீச்சர் மாதிரி இருக்கீங்க" என்றார்.

டீச்சர் சட்டென்று காஜாக்காவைக் கட்டிக்கொண்டார். பதினாறு வருஷத்தில் துணி தைக்கக் கொடுத்தவர்கள் யாரும் அவளைக் கட்டிக்கொண்டதில்லை. அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று, இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். ஒரு கையைத் தூக்கி அந்த முதுகில் வைத்திருந்தால் போதும், சீட்டு விரலில் பட்டிருக்கும்.

"உங்க பொண்ணு கிளாஸ்தான் எனக்குக் கொடுத்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் போனார்.

இரண்டு பேருக்கும் மனசு நிறைந்திருந்தது. டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. ரொட்டியை டீயில் நனைத்தபடி மாஸ்டர் சொன்னார், "அவங்க கொடுத்த ரெண்டாவது துணியையும் இன்னிக்கே வெட்டிடறேன். சீட்டை எடு. பின்னால அளவு இருக்குல்ல."

காஜாக்கா பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். பானை இருந்தது, கொக்கு இருந்தது, கொண்டை டீச்சர் இருந்தது. டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள். ஒட்டகம் இருந்தது. கம்பியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள்.

"என்ன தேடறே?"

அவள் செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள். சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்தில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் இளநீல முதுகு. கிராப்புத் தலைக்குக் கீழே, மறைக்க ஒரு மயிரிழைகூட இல்லாமல், வெள்ளைச் சீட்டு காற்றில் படபடத்தது. இவ்வளவு தூரத்திலிருந்து எழுத்து தெரியவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியாத எழுத்தா?

"டீச்சர்!" என்று கத்தினாள். தண்ணி லாரி ஒன்று நடுவில் போயிற்று. இரண்டாம் தடவை கத்த வாயெடுத்தவளுக்குக் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. கத்தினால் டீச்சர் திரும்புவார், எல்லோரும் திரும்புவார்கள், என்ன ஏது என்று பார்ப்பார்கள். பஸ் வந்து நின்றது. போய்விட்டது.

உள்ளே வந்து விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. உடனே போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"போன் போடு."

"போட்டு என்னன்னு சொல்றது?"

"முதுகுல சீட்டு இருக்கு, எடுத்துருங்கன்னு சொல்லு."

"எடுத்தா படிப்பாங்கல்ல?"

"படிக்காம கிழிச்சுப் போடச் சொல்லு."

"ஆமா, நல்லாச் சொன்னீங்க. படிக்காதீங்கன்னு ஒரு சீட்டைக் கொடுத்தா நீங்க படிக்காம கிழிப்பீங்களா?"

மாஸ்டர் யோசித்தார். "கிழிக்க மாட்டேன்தான். அதுக்காக? நேரமாக ஆக நாலு பேர் பாப்பாங்கல்ல. போடும்மா."

"நான் நேரா போய், பேசற மாதிரி பேசி, பின்னால தட்டிக் கொடுக்கற மாதிரி எடுத்துடறேன். அவங்களுக்கே தெரியாது."

"முப்பது நிமிஷம் பஸ்ல போகணும், அதுக்குள்ள?"

"பெல் அடிக்கறதுக்குள்ள போயிடுவேன்."

"நான் வேணா போடறேன் போனை" என்று அவர் எண்ணைத் தேடினார். திரையில் எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து வாசித்தவர், தயங்கினார். காஜாக்கா அவர் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க ஒன்னும் பண்ண வேண்டாம். உங்களுக்கும் தெரியும்னு அவங்களுக்குத் தெரியாது. இப்ப அது வேறயா?"

அவர் மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்தார். மிதிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார்.

அடுத்த பஸ் எட்டரைக்குத்தான் வந்தது. உட்கார இடம் கிடைத்தது, அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த நல்லது. பக்கத்தில் கண்ணாடி ஜாடி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஜாடியைத் தடவிப் பார்த்து, "டிரைவர் வேணும்னே பண்றான்" என்று இவளிடம் முறையிட்டுக்கொண்டே வந்தார். பாலத்தடியில் பஸ் நின்றது. முன்னால் எங்கேயோ ஒரு லாரியிலிருந்து பெயிண்ட் டப்பா சரிந்து, சாலை பூராவும் வெள்ளை. இறங்கிப் பார்த்துவிட்டு வந்த கண்டக்டர் இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்றார். ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாத சூடு.

அந்தப் பத்து நிமிஷத்தில் காஜாக்கா ஐந்து தடவை போனை எடுத்தாள். ஐந்தாவது தடவை நம்பரைத் தொட்டேவிட்டாள். திரையில் பெரிசாக 'ஒத்தை டீச்சர்' என்று விழுந்தது. ஜாடி அம்மாள் கண் அந்தப் பக்கம் போவதைப் பார்த்ததும் அழைப்பை வெட்டிவிட்டு, போனைக் கவிழ்த்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளை அந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிடக் கூடாது என்று தனக்கு இத்தனை பதைப்பு. அதே வார்த்தை இதே சாலையில் முன்னால் போன பஸ்ஸில், ஒரு பஸ் நிறைய ஜனத்துக்கு நடுவில் போயிருக்கிறது. இப்படி நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. இப்போதாவது போன் போடலாமே என்று மனசு சொல்லத்தான் செய்தது. இவ்வளவு நேரம் கழித்துப் போட்டால் ஏன் அப்போதே போடவில்லை என்று கேட்பார்களே என்று இன்னொரு மனசு சொன்னது. இந்த இரண்டாவது மனசுதான் ஜெயித்தது.

பள்ளிக்கூட வாசலில் இறங்கும்போது மணி ஒன்பதேகால். காவலாளி நோட்டை நீட்டினார். யார், யாரைப் பார்க்க, காரணம் என்று மூன்று கட்டம். காரணத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'சொந்த வேலை' என்று எழுதினாள்.

"அந்த டீச்சரா? இன்னிக்குத்தான் லீவு முடிஞ்சு வந்தாங்க" என்றார் காவலாளி. "பாவம், வந்த அன்னிக்கே முதுகுல யாரோ என்னத்தையோ எழுதிக் குத்திவிட்டிருக்கான். பஸ்ல எவனோ காலிப்பயலா இருக்கும்."

"நீங்க எடுத்துருக்கக் கூடாதாண்ணா?"

"நல்லா இருக்கே. பொம்பள முதுகுல நான் கை வைக்க முடியுமா? சரி, கூப்பிட்டுச் சொல்லலாம்னா, எழுதியிருந்தது ஒரு மாதிரி இருந்துச்சு. நான் வாசிச்சுட்டேன்னு அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்னு விட்டுட்டேன்."

காஜாக்காவுக்கு அவர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டடி நடந்த பிறகுதான், தானும் இதையேதான் செய்தோம் என்று உறைத்தது. இவராவது அவ்வளவாகப் பழகாதவர்.

ஐந்தாம் வகுப்பு தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. ஜன்னலோரமாகப் போய் எட்டிப் பார்த்தாள். டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். முதுகு நன்றாகத் தெரிந்தது. கழுத்துப்பட்டையில் ஒன்றும் இல்லை. விழுந்துவிட்டது! வழியிலேயே எங்கேயோ விழுந்துவிட்டது! அவளுக்கு அங்கேயே உட்கார்ந்து சிரிக்க வேண்டும்போல் இருந்தது. காவலாளி பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும், டீச்சர் பார்க்கவில்லை, அது போதும். இப்படியே திரும்பிப் போய்விடலாம் என்று நகர்ந்தாள்.

"அக்கா."

டீச்சர் வாசலுக்கு வந்து, கதவைப் பின்னால் ஒருக்களித்துச் சாத்தினார். "என்ன இவ்வளவு தூரம்?"

"சும்மாதான் டீச்சர். இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். டாப்ஸ் சரியா உக்காந்திருக்கான்னு பாத்துட்டுப் போலாம்னு..."

டீச்சர் மூடியிருந்த இடது கையைத் திறந்தார். நாலாக மடித்த வெள்ளைத் துணி. குண்டூசியையும் பத்திரமாக அதிலேயே குத்தி வைத்திருந்தார்.

"இதுக்கா வந்தீங்க?"

"அது வந்து டீச்சர், நாங்க எல்லாருக்கும் ஒரு அடையாளம் வைப்போம். நீங்க வீட்டுல தனியா இருக்கீங்கல்ல, ஒத்தை ஆளா..."

"தெரியும்க்கா. உங்க பொண்ணு சொல்லிட்டா."

"என் பொண்ணா?"

"நான் பலகைப் பக்கம் திரும்பினதும் ஒருத்தன் சத்தமா வாசிச்சான். கிளாஸே சிரிச்சுது. என்னன்னு எனக்குப் புரியல. உங்க பொண்ணுதான் எழுந்து நின்னா. 'சிரிக்காதீங்க, அது எங்கம்மா எழுத்து. டீச்சர் வீட்டுல தனியா இருக்காங்க, அதான் ஒத்தை டீச்சர்'னு எல்லாருக்கும் விளக்கம் சொன்னா. சொல்லிட்டு அவளே வந்து எடுத்துக் கொடுத்தா. ஊசி எனக்குக் குத்திடக் கூடாதுன்னு எவ்வளவு மெதுவா எடுத்தா தெரியுமா?" டீச்சர் சொல்லும்போது முகம் கொஞ்சம் இளகியது. "அவ சொன்னதும் பிள்ளைங்க சிரிப்பை நிறுத்திடுச்சுங்க. நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நெனச்சேன்."

துணியைப் பிரித்து, திருப்பிக் காட்டினார். பின்பக்கம் காஜாக்காவின் பொடி எழுத்து. வலது ஒன்பதரை. இடது சைபர். பஞ்சு, மணி.

"இதை அவ பாக்கல. நான் மட்டுந்தான் பாத்தேன்."

தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரையில் சின்னதாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. காஜாக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மன்னிச்சுருங்க டீச்சர். வேலைக்காக வச்சதுதான். மனசுல ஒன்னும் கிடையாது. சத்தியமா..." என்றாள். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு தான் சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. அதற்கு மேல் சத்தியம் பண்ண நா எழவில்லை.

"அடையாளம் வேணும்தான். நானும் பிள்ளைங்களுக்கு மனசுக்குள்ள வச்சிருக்கேன்" என்றார் டீச்சர். குரலை உயர்த்தவே இல்லை. "சீட்டு என் முதுகுல இருக்குன்னு எப்பக்கா பாத்தீங்க?"

"நீங்க பஸ் ஏறும்போது."

"எட்டு அஞ்சு."

"ஆமா."

"என் நம்பர் இருக்குல்ல உங்ககிட்ட?"

"இருக்கு."

"பஸ்ல எனக்குப் பின்னால ரெண்டு பொண்ணுங்க சிரிச்சுட்டே வந்துச்சுங்க. என் முடியைப் பாத்துத்தான் சிரிக்கறாங்கன்னு நெனச்சேன். சிரிச்சா சிரிக்கட்டும்னு நல்லா நிமிந்து நின்னுட்டு வந்தேன்க்கா. கேட்லயிருந்து இங்க வர்ற வரைக்கும் அப்படித்தான் நடந்து வந்தேன்." கழுத்துப்பட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். "முதுகுல சீட்டு இருக்கு டீச்சர்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அடுத்த நிமிஷம் எடுத்திருப்பேனே."

"நீங்க படிச்சுடக் கூடாதேன்னுதான் டீச்சர்..."

"ஊரெல்லாம் படிக்கலாம். நான் மட்டும் படிக்கக் கூடாதா?"

டீச்சர் படித்தால் அழுவாரே என்று காஜாக்கா பயப்படவில்லை. படித்தால் எழுதினவளை எப்படிப் பார்ப்பாரோ என்றுதான் பயந்தாள். தன் ஒருத்தி முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள, ஒரு மணி நேரம் அந்த முதுகை ஊருக்குக் காட்டும்படி விட்டிருக்கிறாள்.

உள்ளே பிள்ளைகள் சத்தம் கூடியது. டீச்சர் சீட்டைப் பழையபடி மடித்து அவள் கையில் வைத்தார்.

"வச்சுக்குங்க. அளவு இதுலதானே இருக்கு" என்றார்.

இரண்டாவது துணியைத் தைக்கச் சொல்கிறாரா, தைக்க வேண்டாம் என்கிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை. டீச்சர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். பிள்ளைகள் அடங்கினார்கள்.

போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனாலும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டீச்சர் மேஜைக்குப் போய் வருகைப் பதிவு நோட்டை எடுத்தார். பெரிய அட்டை போட்ட, தடித்த நோட்டு. அதை இடது கையால் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அப்படியே பலகைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினார். கையைத் தூக்கி எழுதியபோது தோள் தையல் ஒரு இழைகூட இழுக்கவில்லை, அத்தனை கச்சிதம். பாதி வரியில் துடைப்பான் வேண்டியிருந்தது. நோட்டைக் கீழே வைக்காமல், சுண்ணக்கட்டியை உதட்டில் கவ்விக்கொண்டு, வலது கையாலேயே துடைப்பானை எடுத்தார்.

இரண்டாவது வரிசையில் மகள் எழுந்து நின்றாள்.

"டீச்சர், அந்த நோட்டை நான் வச்சுக்கட்டுமா? உங்களுக்குக் கை வலிக்கும்."

டீச்சர் சுண்ணக்கட்டியை வாயிலிருந்து எடுத்தார். "வேண்டாம்மா. இருக்கட்டும்" என்றார்.

மகள் உட்காரும்போதுதான் ஜன்னலில் அம்மாவைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சீட்டை எடுத்துக் கொடுத்தது நான்தான் என்று, தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டிச் சிரித்தாள். காஜாக்கா ஜன்னலை விட்டு நகர்ந்துகொண்டாள்.